நூற்றுப் பதினேழாவது ஓட்டை

சாந்தினி பொய்யே சொல்லாதவள் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்காக ஒரு பெரிய பொய் சொன்னவள்தான் அவள். அதுவும் இந்தக் கதையில் வருகிறது. ஆனால் அந்த மத்தியானம் நடந்ததை அவள் மூன்று முறை சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே போகவில்லை. 2.52 என்றால் 2.52 தான். இதில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை. நம்பப் பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது இருட்டில் நடந்ததில்லை. பட்டப்பகலில் நடந்தது.

சாந்தினிக்கு முப்பத்தொரு வயது. தம்போய் என்ற பகுதியில் ஒரு பிளாட்டில் தனியாக இருந்தாள். தெப்ராவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த நிறுவனம் குளிர்க் கிடங்குகளுக்கு ஒரு செயலி செய்து விற்றது. மீன், இறைச்சி, ஐஸ்கிரீம் வைக்கும் பெரிய ஐஸ் அறைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் குளிர் எவ்வளவு என்று கைபேசியிலேயே பார்க்கலாம். கதவைப் பூட்டலாம், திறக்கலாம். அந்தச் செயலியில் அந்நியர் நுழையக்கூடிய ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது சாந்தினியின் வேலை.

கண்டுபிடித்த ஓட்டை எல்லாம் ஒரு டேஷ்போர்டில் ஏறும். அலுவலகத்தில் அதற்குப் பெயர் ‘போர்டு’. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு எண், அது என்ன ஓட்டை என்று ஒரு வரி, யார் பொறுப்பு, எத்தனை நாளாகத் திறந்து கிடக்கிறது, கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம். சின்ன ஓட்டை என்றால் மஞ்சள். பெரியது சிவப்பு. சிவப்பு என்றால் மற்ற வேலையைப் போட்டுவிட்டு அதைச் சரிசெய்ய வேண்டும்.

அதனாலேயே அங்கே யாருக்கும் அவளைப் பிடிக்காது. செயலி எழுதுகிற பதினெட்டுப் பேருக்கும் அவள் ‘சிவப்பம்மா’. தேநீர் கலக்கும் பேன்ட்ரிக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் அவள் நாற்காலி முழுக்கச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார்கள். யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை. ஒன்றொன்றாக உரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

மேலாளர் சிறீகாந்தன் அதைப் பார்த்துக்கொண்டே போனவர். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை, குரலை உயர்த்தாத பேச்சு. ஆறு மாதத்தில் வர வேண்டிய வேலை உறுதிக் கடிதத்தை அவர்தான் கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்திருந்தார்.

சீனப் பெருநாளின் இரண்டாம் நாள், ஜனவரி முப்பது, வியாழக்கிழமை. காலை 11.20க்கு அவர் கைபேசியில் கூப்பிட்டார்.

“போர்டுல எத்தன சிவப்பு இருக்கு?”

“நாப்பத்தொண்ணு பாஸ்.”

“நாளைக்கு ஒம்பது மணிக்கு நம்ம ஆப் வாங்கப் போற மீன் கம்பெனி ஆளுங்க வந்து பாக்குறாங்க. ஒண்ணுகூட இருக்கக் கூடாது.”

“எல்லாரும் பெருநாளுக்குச் சூட்டி எடுத்துட்டு வீட்டுல இருக்காங்களே பாஸ். யாரு சரி பண்ணுவா?”

“சரி பண்ணணும்னு யாரு சொன்னா? ‘ஆபத்தை ஏற்றுக்கொண்டோம்’னு போட்டு எல்லாத்தையும் மூடு. நாலு மணிக்குள்ள முடிச்சிட்டு மெசேஜ் போடு.”

“மத்தது பரவால்ல பாஸ். நூத்திப்பதினேழு வேணாம். அது கதவு.”

பின்னால் விருந்தாளிகள் சத்தம். கரண்டி தட்டில் படுகிற சத்தம்.

“கடிதம் வேணுமா வேணாமா உனக்கு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

போர்டில் ஒரு ஓட்டையை மூடினால், மூடியவர் பெயர் அங்கேயே நிற்கும். அழிக்க முடியாது. சிறீகாந்தன் பெயர் நிற்கக் கூடாது, அவள் பெயர் நிற்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான் என்று சாந்தினிக்குத் தெரியும். தெரிந்துதான் கிளம்பினாள்.

1.10க்கு அலுவலகக் கட்டடத்தை அடைந்தாள். கீழே பாதுகாவலர் மனோகரன் மட்டும் இருந்தார். ஐம்பது வயதுக்காரர். பெயர்ப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“பெருநாளும் அதுவுமா என்னா வேலை மிஸ்? மேல ஏர்கோன் கெடையாது. சூட்டி நாள்ல மொத்தமா அடைச்சிருவாங்க.”

“ரெண்டு மணி நேர வேலைதான்ணே.”

நான்காம் மாடி. லிப்டை விட்டு வெளியே வந்தால் இடப்பக்கம் செர்வர் அறை. இரும்புக் கதவு. கண் உயரத்தில் புத்தகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதைத் தாண்டிப் போனால் மேசைகள். சாந்தினியின் மேசை கடைசியில், சன்னல் ஓரம். உள்ளே புழுக்கம் மூச்சை அடைத்தது. சன்னல் திறக்க முடியாத கட்டடம். சின்ன மேசை விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தாள். எண்ணைத் திற. காரணத்தைத் தேர்ந்தெடு. ‘மூடு’ பொத்தானை அழுத்து. சிவப்பு மறைந்து பச்சை வரும். முதல் பத்தை மூடும்போது கை கூசியது. அப்புறம் கூசவில்லை. 2.05க்கு இருபது முடிந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. சன்னலுக்கு வெளியே சாலையே தெரியாத மழை.

2.17க்கு மீன் வாடை வந்தது.

பேன்ட்ரி குளிர்பெட்டியில் யாரோ எதையோ வைத்துவிட்டுப் பெருநாளுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்தாள். எழுந்து போய்ப் பார்த்தாள். குளிர்பெட்டி காலி. துடைத்து வைத்திருந்தது. திரும்பி வந்தபோது வாடை அவள் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது.

2.46க்கு நாற்பதும் முடிந்தது. போர்டில் ஒரே ஒரு சிவப்பு மிச்சம். கடைசிக்கு என்று அவளே ஒதுக்கி வைத்தது.

எண் 117. ‘கதவுப் பூட்டுக் கட்டளை கடவுச்சொல் கேட்பதில்லை.’

அதாவது, யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் ஒரு ஐஸ் அறையைப் பூட்டிவிடலாம். உள்ளே ஆள் இருந்தாலும் சரி. இதை அவள்தான் கண்டுபிடித்தாள். மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவரும் தொடவில்லை.

பேன்ட்ரியில் சூடாக மைலோ கலக்கி எடுத்துக்கொண்டு 2.52க்கு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கவனித்தாள். பொறுப்பாளர் என்ற இடம் மூன்று மாதமாகக் காலியாக இருந்தது. இப்போது அதில் ஒரு பெயர்.

திருச்செல்வம்.

அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை. இருந்தும் ஊழியர் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அறுபத்து மூன்று பேர். திருச்செல்வம் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

திறந்து கிடந்த நாட்கள் என்ற இடத்தைப் பார்த்தாள். காலையில் தொண்ணூற்றாறு என்று இருந்தது.

இப்போது, மைனஸ் இருபத்திரண்டு.

நாள் கணக்கு எப்படி மைனஸில் போகும்? போர்டில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். 2.55க்கு 117ஐ மூடினாள். பச்சை வந்தது. பெருமூச்சு விட்டாள்.

பச்சை மறுபடி சிவப்பானது.

திரும்ப மூடினாள். பச்சை. நான்கு வினாடி. சிவப்பு.

கீழே குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி வந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

‘கதவத் தொற.’

பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தப் பதினெட்டுப் பேரில் எவனோ வீட்டில் உட்கார்ந்துகொண்டு விளையாடுகிறான் என்று நினைத்தாள். நாற்காலியில் ஸ்டிக்கர் ஒட்டியவனாக இருக்கும். வேகமாகத் தட்டினாள்: ‘யாரு நீ? பேரைச் சொல்லு. பாஸ்கிட்ட ரிப்போட் பண்றேன்.’

பதில் உடனே வந்தது.

‘உள்ள இருக்கேன்.’

2.59.

டொக்.

தலையைத் தூக்கினாள். மழைச் சத்தம் மட்டும். விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

டொக்... டொக்...

விரல் முட்டியால் இரும்பில் தட்டுகிற சத்தம். செர்வர் அறைப் பக்கமிருந்து வந்தது. அந்த அறைக்கு வெளியே யாரும் இல்லை. அது அவள் மேசையிலிருந்தே தெரிந்தது.

கைபேசியை எடுத்து மனோகரனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, மேல யாராச்சும் வந்தாங்களா?”

“இல்லயே மிஸ். காலையிலேருந்து லிப்ட்டு ஒரே தடவதான் ஏறுச்சு. நீங்க போனது.”

“படிக்கட்டு?”

“பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. ஏன் மிஸ்?”

“ஒண்ணும் இல்லண்ணே.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மேலே வாங்க என்று சொல்லியிருக்கலாம். சிவப்பம்மா பயந்துவிட்டாள் என்று நாளைக்கு அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

3.09க்கு சிறீகாந்தனைக் கூப்பிட்டாள்.

“பாஸ், 117 மூட மாட்டேங்குது. யாரோ உள்ள பூந்து எழுதுறாங்க.”

“மூடு.”

“செர்வர் ரூம்ல யாரோ இருக்கிற மாதிரி...”

“சாந்தினி. மூடலன்னா நாளைக்கு வராத. எப்பவும் வராத.”

தொடர்பு அறுந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குளிர்கிறது. ஏர்கோன் இல்லாத கட்டடம். ஒரு மணி நேரம் முன்பு வியர்த்து ஊற்றிய இடம். இப்போது கையில் மயிர் சிலிர்த்து நின்றது. செர்வர் அறைக்குத் தனி ஏர்கோன் உண்டு, அது கசிகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மைலோவை எடுத்தாள். மேலே ஏடு கட்டியிருந்தது. விரலால் தொட்டாள். ஏடு இல்லை. ஐஸ்.

டொக். டொக். டொக்.

திரையில் வரிகள் ஏறின.

‘தொற.’

‘நீதான மூடுன.’

‘தொற.’

பொறுப்பாளர் இடத்தைப் பார்த்தாள். திருச்செல்வம் என்ற பெயர் இல்லை.

அந்த இடத்தில், சாந்தினி.

3.18.

ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் லிப்டுக்குப் போக வேண்டும் என்றால் அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி இல்லை. பையை எடுத்துக்கொண்டாள். நுழைவு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டாள். சுவரை ஒட்டி நடந்தாள்.

பாதி தூரத்தில் அவள் மூச்சு புகையாக வந்தது.

தட்டல் வேகமானது. இப்போது ஒரு விரல் முட்டி இல்லை. கை முழுக்க. டம்... டம்... டம்... இரும்புக் கதவு சட்டத்தில் அதிர்ந்தது.

3.21. கதவுக்கு முன்னால் நின்றாள்.

கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

தட்டல் நின்றது.

உள்ளிருந்து ஒரு கை கண்ணாடியைத் துடைத்தது. மெதுவாக. ஒரு தடவை.

ஒரு மனிதர். நாற்பது, நாற்பத்தைந்து வயது. மீசை. மீசையில் உறைபனி. இமை மயிரில் உறைபனி. உதடு நீலம்.

அவளைப் பார்த்தார்.

வாய் அசைந்தது. சத்தம் இல்லை. ஆனால் என்ன சொல்கிறார் என்று தெரிந்தது.

அட்டையைக் கதவின் வாசிப்பானுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு சாண் தூரம். அட்டையை வைத்தால் கதவு திறந்துவிடும்.

கை அங்கேயே நின்றது.

அவர் முகம் மாறியது. கெஞ்சல் போனது. அதுவரை அலுவலகத்தில் பதினெட்டுப் பேர் அவளை முறைத்திருக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு வெறுப்பை அவள் ஒரு மனித முகத்தில் பார்த்ததில்லை.

டம்.

பின்னால் நகர்ந்தாள்.

டம். டம். டம். டம்.

திரும்பி ஓடினாள். லிப்டுக்கு இல்லை. மேசைக்கு.

திரை முழுக்க ஒரே சொல். தொற தொற தொற தொற...

117ஐத் திறந்தாள். விரல் மரத்துப்போயிருந்தது.

டம். டம்.

‘மூடு.’

அழுத்தினாள்.

3.26.

பச்சை.

தட்டல் நின்றது.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... எண்ணினாள். அறுபது வரை எண்ணினாள். சிவப்பு திரும்ப வரவில்லை. போர்டு முழுக்கப் பச்சை. குறிப்புக் கட்டம் வெறுமையாக இருந்தது. யாரும் எதுவும் எழுதிய அடையாளமே இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ கனமானது மெல்லச் சரிந்து தரையில் உட்கார்கிற சத்தம் ஒன்று கேட்டது. அதற்குப் பின் எதுவும் இல்லை.

லிப்டுக்குப் போகும்போது அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கீழே மனோகரன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“என்னா மிஸ், ஒதடெல்லாம் நீலமா இருக்கு. ஒடம்பு முடியலையா?”

“செர்வர் ரூம்... கொஞ்சம் பாத்துட்டு வாங்கண்ணே.”

அவர் போனார். ஏழு நிமிடத்தில் திரும்பி வந்தார்.

“கதவத் தொறந்தே பாத்துட்டேன். யாரும் இல்ல மிஸ். மெசினுதான் ஓடுது. ஆனா மீன் வாடை தாங்கல. கதவோரம் தரையெல்லாம் தண்ணி. ஒழுகுது போல.”

காரில் ஏறி உட்கார்ந்தாள். கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். 3.41க்கு சிறீகாந்தனுக்குச் செய்தி அனுப்பினாள்: ‘எல்லாம் முடிஞ்சது பாஸ்.’

பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு மீன் நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். போர்டைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். அவர்களில் ஒரு பெண் சாந்தினியைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள், கதவு விஷயத்தில் ஏதாவது பிரச்சினை இருந்ததா என்று. சிறீகாந்தன் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“எதுவும் இல்லை,” என்றாள் சாந்தினி. “எல்லாம் மூடியாச்சு.”

தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட பொய் இதுதான்.

அடுத்த வாரம் அவளுக்குக் கடிதம் வந்தது. பதினெட்டுப் பேரும் அவளோடு பேச ஆரம்பித்தார்கள். பேன்ட்ரியில் ஒருத்தி அவளுக்கு இடம் விட்டு நகர்ந்துகூட உட்கார்ந்தாள். சாந்தினி அந்த மத்தியானத்தை நினைக்காமல் இருக்கப் பழகினாள். களைப்பு, பசி, பயம், எல்லாம் சேர்ந்து வந்த மயக்கம் என்று ஒரு காரணத்தை ஏற்படுத்திக்கொண்டாள். ஆனால் செர்வர் அறையைத் தாண்டும்போது நடை தானாக வேகம் பிடிக்கும்.

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. காலை 10.40.

சிறீகாந்தனுக்கு ஒரு அழைப்பு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்தபோது முதல்முறையாக அவர் சட்டை கசங்கியிருந்தது.

“மீன் கம்பெனில ஒருத்தர் ஐஸ் ரூம்ல மாட்டி இறந்துட்டாரு. யாரும் வெளிய பேசக் கூடாது. ஒரு வார்த்தகூட.”

நடந்தது பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. முந்தின நாள் மாலை அவர் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கதவு பூட்டிக்கொண்டது. பூட்டச் சொன்ன கட்டளை பதிவாகியிருந்தது. கொடுத்தவர் பெயர் மட்டும் பதிவில் இல்லை. உள்ளிருந்து தள்ளித் திறக்கிற குமிழ் இரண்டு மாதமாக உடைந்து கிடந்தது. மற்றவர்கள் அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தார்கள். அறையின் குளிர் மைனஸ் இருபத்திரண்டு.

அலுவலகத்தின் கைபேசிக் குழுவில் யாரோ ஒரு நிழற்படத்தைப் போட்டார்கள். வேலை அட்டைப் படம். மீசை வைத்த மனிதர். கீழே பெயர்.

திருச்செல்வம்.

சாந்தினி கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். வெளியே வந்தபோது சிறீகாந்தன் வாசலிலேயே நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“மூடினது உன் பேரு. ஞாபகம் வெச்சுக்க.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அன்று மாலையே 117 பற்றி மூன்று மாதமாக எழுதிய கடிதங்களையும் செய்திகளையும் போர்டின் பதிவையும் எடுத்துக்கொண்டு போய், அந்த மரணத்தை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுத்தாள். மூடியது நான், மூடச் சொன்னது சிறீகாந்தன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரமே வேலை போயிற்று. சிறீகாந்தனையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் அதிகாரியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஆனால் ஒரு கேள்வி அவளைத் தூங்க விடவில்லை. இறந்தவர் வந்தார் என்றால்கூட ஒருமாதிரி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அவர் இறந்தது மார்ச்சில். அவள் பார்த்தது ஜனவரியில். அந்த மீன் நிறுவனத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்ததே பிப்ரவரி பதினேழாம் தேதிதான். அப்படியானால் அன்று கதவுக்குப் பின்னால் நின்றது யார்? ஒருவேளை அவர் முன்பு அந்த அலுவலகத்துக்கு வந்து போனவரோ, எங்கேயோ பார்த்த முகம் மனசில் தங்கிவிட்டதோ என்று நினைத்தாள். அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

கருமாதி முடிந்த பிறகு அவர் வீட்டைத் தேடிப் போனாள். வீடு தம்போயில்தான் இருந்தது. அவள் பிளாட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மத்தியானம், நல்ல வெயில். கதவைத் திறந்தது அவர் மனைவி அங்கம்மா. தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறவர். கம்பெனி விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

“எந்தக் கம்பெனி? மீன் கம்பெனியா?”

“இல்லக்கா. அந்தக் கதவுக்கு ஆப் செஞ்ச கம்பெனி. இப்ப அங்க இல்ல. வேலைய விட்டு நிறுத்திட்டாங்க.”

அங்கம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். நகர்ந்து வழி விட்டார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. சுவரில் மாலை போட்ட படம். சாந்தினி அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றாள்.

“அண்ணன் இதுக்கு முன்னாடி தெப்ராவ்ல வேலை பாத்தாராக்கா? நாலு மாடி ஆபீஸ்...”

“தெப்ராவ் பக்கமே போனதில்ல. பத்து வருசமா ஆயர் ஈத்தாம்ல சட்டிபானைக் கடையில லோடு ஏத்திகிட்டு இருந்தாரு. வாரத்துக்கு ஒருதரம்தான் வீட்டுக்கு வருவாரு. கடைய மூடிட்டாங்க. அதுக்கப்பறம்தான் இந்த மீனு.”

“சீனப் பெருநாள் ரெண்டாம் நாளு... எங்க இருந்தாரு?”

அங்கம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

“அந்த நாள எதுக்குக் கேக்குற?”

“சொல்லுங்கக்கா,” என்றாள் சாந்தினி.

“இங்கதான் படுத்திருந்தாரு,” என்று தரையைக் காட்டினார் அங்கம்மா. “சாப்புட்டுட்டுப் படுத்தாரு. மூணு மணி இருக்கும், பல்லு கிட்டிச்சு. ஒடம்பு ஐஸு மாதிரி. உலுக்குறேன், எழுந்திரிக்கல. கண்ண மூடிகிட்டே கையால தரையப் போட்டு அடிக்கிறாரு. டம்மு டம்முன்னு. வெரல் முட்டியெல்லாம் பிஞ்சு ரத்தம். நான் புடிச்சுப் பாக்குறேன், முடியல. அப்பறம் ஒரேயடியா நின்னுபோச்சு. செத்துட்டாருன்னே நெனச்சேன். மணி பாத்தேன். மூணு இருபத்தாறு.”

சாந்தினி 117ஐ மூடிய அதே நிமிடம்.

“முழிச்சி என்னா சொன்னாரு தெரியுமா? ஐஸ் பொட்டிக்குள்ள மாட்டிகிட்டேன், கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு பொம்பள நின்னா, கையில கார்டு வெச்சிருந்தா, என் மூஞ்சியப் பாத்தா, தொறக்கலன்னாரு. அதுலேருந்து இதே பேச்சு. பஸ்ஸுல ஏறுனா பொம்பளைங்க மூஞ்சியா பாத்துகிட்டு வருவாரு. கண்டுபுடிச்சா ஒரே ஒரு கேள்வி கேக்கணும்னு.”

அங்கம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். குரல் இறங்கியிருந்தது.

“மீன் கம்பெனிக்குப் போன மொத நாளே திரும்பி வந்துட்டாரு. அந்த ஐஸ் ரூம் கதவப் பாத்தேன், அதே கண்ணாடி, இனிமே போக மாட்டேன்னு இந்த எடத்துல உக்காந்து அழுதாரு. நான்தான் கனவு கண்டதுக்கெல்லாம் வேலைய விடுவியான்னு சத்தம் போட்டு மறுநாளு அனுப்பி வெச்சேன்.”

சாந்தினி வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். பின்னால் அங்கம்மா நடந்து வருகிற சத்தம் கேட்டது.

“ஏம்மா... நீ எதுக்கு அந்த நாளக் கேட்ட?”